தையல் இயந்திரம்: எதை வாங்குவது, எவர் செலவில் வாங்குவது?

தையல் பழகத் தொடங்கும் ஒருவர் எந்த இயந்திரத்தை வாங்க வேண்டும்? மாதர் அமைப்பின் கிளைக் கூட்டங்களிலும் முறைசாராத் தொழிலாளர் சங்கப் பேரவைகளிலும் இக்கேள்வி அறிக்கை மீதான விவாதத்தில் எழுவதில்லை. தேநீர் இடைவேளையில் ஒரு தோழர் மற்றொரு தோழரிடம் தனியாகக் கேட்பதாகவே இருக்கிறது. மகளுக்கு, மருமகளுக்கு, வேலையிழந்த தங்கைக்கு என்று ஏதோ ஒரு தேவை அதன் பின்னால் நிற்கும். கையில் இருப்பது சீட்டெடுத்த பணமாகவோ நகையை அடகு வைத்த பணமாகவோ இருக்கும். தவறான இயந்திரத்தை வாங்கிவிட்டால் மற்றொன்றை வாங்க அக்குடும்பத்திடம் பணம் இராது. எனவே இதைச் சில்லறைக் கேள்வி என்று ஒதுக்குவதற்கில்லை.

இக்கேள்விக்கு இன்று மூவர் விடை தருகின்றனர். கடைக்காரரின் விடை அவரது கையிருப்பைப் பொறுத்தது. நுண்கடன் நிறுவனத்தின் விடை வாரத் தவணை அட்டை. ஒன்றிய அரசின் விடை விஸ்வகர்மா திட்டத்தின் ரூ.15,000 மின்னணுச் சீட்டு. மூவரும் ஓர் அனுமானத்தில் ஒன்றுபடுகின்றனர்: இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் வேலை தானே பின்தொடர்ந்து வரும் என்பதே அது. உண்மை அதற்கு நேர்மாறானது. எந்த வேலை, எவருக்காகச் செய்யும் வேலை என்பது தெளிவான பிறகே எந்த இயந்திரம் என்பதற்கு விடை கிடைக்கும். அவ்விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வி எழுகிறது. அந்த இயந்திரத்தின் விலையை யார் ஏற்பது?

முதலில் இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். அரசியல் பேசுவோர் கருவியைப் பற்றிப் பேசத் தயங்குவது நல்ல பழக்கம் அன்று.

கருப்பு மெஷின்

இந்தியாவெங்கும் ‘கருப்பு மெஷின்’ என்றே அறியப்படும் வார்ப்பிரும்பு இயந்திரத்தைப் பார்க்காத கண்கள் குறைவு. தலைப்பகுதி மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். இரும்பு ஸ்டாண்ட், மரப்பலகை, கால்மிதி, தோல் பெல்ட் ஆகியவற்றோடு சேர்ந்து அது ஒரு முழு இயந்திரமாகிறது. அது செய்வது ஒரே ஒரு தையல்: நேர்த்தையல். பூத்தையல் இல்லை, திரையில் எண்கள் இல்லை, பளபளப்பான உறை இல்லை. பழைய சிங்கர் வடிவமைப்பின் வழிவந்த இந்த இயந்திரம் பல பெயர்களில் விற்கப்படுகிறது. அதன் உதிரிப்பாகங்களில் பெரும்பங்கு பஞ்சாபின் லூதியானாவில், சிறுசிறு பட்டறைகளில் வார்த்தும் கடைந்தும் உருவாக்கப்படுகிறது. மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற அந்நகரம் தையல் இயந்திரத்துக்கும் தலைநகரம்.

தையல் பழகுபவருக்கு ஏற்றது இதுதான். முதற்காரணம் பழுதுபார்ப்பு. ஒரு நிறுவனத்தின் ஷட்டில் மற்றொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் பெரும்பாலும் பொருந்தும். பாபின், பாபின் கேஸ், ஊசி, பெல்ட் எல்லாம் சிறுநகரக் கடையிலும் கிடைக்கும். திருகாணி முடுக்கியும் எண்ணெய்க் குப்பியும் வைத்திருக்கும் மெக்கானிக் தெருமுனையிலேயே இருப்பார். தைத்துப் பிழைப்பவருக்கு இயந்திரம் நின்றுபோகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். எனவே எத்தனை வகைத் தையல் போடும் என்பதைவிட, கெட்டுப்போனால் எத்தனை மணிநேரத்தில் மீண்டும் ஓடும் என்பதே அவர் கேட்க வேண்டியது.

இரண்டாவது காரணம் கற்கும் முறை. கால்மிதியில் வேகம் காலின் பிடியில் இருக்கிறது. கழுத்து வளைவில் தையலைத் திருப்பும்போது ஊசியை ஒவ்வொரு குத்தாக நகர்த்த முடியும். மோட்டார் பொருத்திய இயந்திரத்தில் பழகுபவர் முதல் வாரம் முழுவதும் துணியைத் துரத்திக்கொண்டிருப்பார். மிதியில் பழகுபவருக்கு வேறொரு தொல்லை உண்டு. சக்கரம் பின்னோக்கிச் சுழலும், நூல் அறும். அதனால்தான் பழைய தையற்காரர்கள் மாணவரை முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட தாளைத் தைக்கச் சொல்வார்கள். நேர்க்கோடு, பிறகு சதுரம், பிறகு வட்டம். ஊசித் துளைகள் கோட்டின்மேல் விழத் தொடங்கிய பிறகே துணி. இதில் குறுக்குவழி கிடையாது. கால் பழகிய பிறகு அதே இயந்திரத்தில் சிறு மோட்டார் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். மின்சாரம் நின்ற நாளில் பெல்ட்டை மாட்டி மீண்டும் மிதிக்கலாம்.

ஜிக்ஜாக் போடும் வண்ண இயந்திரங்களை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. சேலைக்கு ஓரம் அடிப்பதையும் பிகோ வேலையையும் நம்பித் தொழில் தொடங்குபவருக்கு நேர்த்தையல் மட்டும் போதாது. ஆனால் ரவிக்கை, பாவாடை, சல்வார், பள்ளிச் சீருடை ஆகிய அன்றாட வேலைகளில் மிகப் பெரும்பகுதி நேர்த்தையலே. வண்ண இயந்திரத்தின் உதிரிப்பாகங்கள் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை, சர்வீஸ் சென்டரோ மாவட்டத் தலைநகரில் இருக்கும். இதை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். இணையக் கடைகளில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் பொம்மை இயந்திரங்களை வாங்கவே கூடாது. அவற்றுள் கைக்குள் அடங்குபவை ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுபவை. ஒரு முனையை இழுத்தால் முழுத் தையலும் பிரிந்து கையோடு வந்துவிடும். குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்குவதாயின் அது வேறு.

கடையில் சோதிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைக்காரர் தரும் விறைப்பான துண்டுத் துணியில் எந்த இயந்திரமும் அழகாகத் தைக்கும். வீட்டிலிருந்து மெல்லிய வாயில் துணியையும் தடித்த துணியையும் எடுத்துச் செல்ல வேண்டும். தடித்த துணியை நான்காக மடித்து, மடிப்பின்மேல் ஏறி இறங்கித் தைக்கச் செய்ய வேண்டும். மெல்லிய துணி சுருங்கக் கூடாது. தையலின் மேற்புறமும் அடிப்புறமும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும். மேல்நூலும் அடிநூலும் பின்னும் முடிச்சு துணியின் உள்ளே மறைந்திருந்தால் இறுக்கம் சரி. ஒருபுறம் நூல் கம்பிபோல் நேராகக் கிடந்தால் இறுக்கம் பிழை. திருகைச் சற்றுத் திருப்பியதும் அது சரியாகிவிட்டால் கவலையில்லை. எத்தனை முறை திருப்பியும் சரியாகாவிட்டால் அந்த இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இடையில் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால் உள்ளே கோளாறு இருக்கிறது. பழைய இயந்திரம் வாங்குவோருக்கும் இதே சோதனைதான். ஊசித்தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது கூடுதலாகச் செய்ய வேண்டியது. ஆட்டம் கண்டிராத பழைய இயந்திரம், வார்ப்பு சரியில்லாத புதிய இயந்திரத்தைவிட மேலானது.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. தையல் எண்ணெய் தவிர வேறெதுவும் கூடாது. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசினாக இறுகி இயந்திரத்தை முடக்கிவிடும். ஊசியும் அப்படியே. 11ஆம் எண் மெல்லிய துணிக்கு, 14 சாதாரணப் பருத்திக்கு, 16உம் 18உம் தடித்த துணிக்கு. பாதித் தொந்தரவுகளுக்குக் காரணம் மழுங்கிய ஊசி. சில ரூபாய் ஊசியை மாற்றாமல் இயந்திரத்தையே பழிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

பவர் மெஷின் யாருக்கு?

‘கம்பெனி வேலைக்குப் போக வேண்டும், அதற்குப் பவர் மெஷினே வாங்கிவிடலாமா’ என்று கேட்போர் பெருகியுள்ளனர். பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளிலும், தில்லியைச் சூழ்ந்த ஏற்றுமதி ஆலைகளிலும், மும்பை தாராவியின் தையல் கூடங்களிலும் ஓடுவது அந்த இயந்திரம்தான். கருப்பு மெஷின் மோட்டாரில் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் அளவில் போட்டால், பவர் மெஷின் நாலாயிரம், ஐயாயிரம் வரை போடும். ஊசியும் வேறு, மேசையும் வேறு, விலையும் பலமடங்கு. பழைய வகைக் கிளட்ச் மோட்டார், தையற்காரர் காலை எடுத்த பின்பும் ஓடிக்கொண்டே மின்சாரத்தைத் தின்னும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டும் ஓடும். வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தால் சர்வோவையே வாங்க வேண்டும்.

ஆனால் ஆலை வேலைக்குப் பழகுவதற்காக ஒரு குடும்பம் பவர் மெஷின் வாங்குவது, பேருந்து ஓட்டுநர் வேலைக்காக ஒருவர் பேருந்து வாங்குவதற்கு ஒப்பானது. ஆலையில் ஒரு தொழிலாளி முழுச்சட்டை தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பை. அந்த ஒரு செயலை அந்த வேகத்தில் செய்யும் பயிற்சியை ஆலையே தர வேண்டும், பயிற்சிக் காலத்துக்கு ஊதியமும் தர வேண்டும். தொழிலாளி தன் செலவில் பழகி வந்து வாசலில் நிற்பாள் என்றால் முதலாளிக்கு அதைவிட வசதி வேறில்லை. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்புநிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த புதிய கட்டுப்பாட்டை எதிர்த்துப் பெங்களூருவின் சாலைகளை நிறைத்து, இரண்டே நாளில் அரசைப் பின்வாங்க வைத்தவர்கள் இந்தப் பவர் மெஷின் பெண்களே. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கில் கூடியிருந்ததால் அது முடிந்தது. ஆளுக்கொரு இயந்திரத்தோடு அவரவர் வீட்டில் அமர்ந்திருந்தால் அச்செய்தி ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்குப் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகியிருக்கும்.

தவணையின் வயது

வீட்டுக்கொரு தையல் இயந்திரம் என்னும் கனவு புதிதல்ல. தவணைமுறை விற்பனை பெருமளவில் பரவியதே தையல் இயந்திரத்தோடுதான். 1851இல் காப்புரிமை பெற்ற சிங்கர் நிறுவனம் 1856 முதல் தவணையில் இயந்திரங்களை விற்கத் தொடங்கியது. ஓர் எளிய குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கை விழுங்கும் பொருளை, மாதந்தோறும் சிறு தொகை என்று பிரித்துக் கொடுத்ததும் விற்பனை பெருகியது. இயந்திரம் வீட்டுக்கு வந்தது, கடனும் கூடவே வந்தது.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில், பெருவீத இயந்திரத் தொழிலைப் பற்றிய அத்தியாயத்தில், ஆடைத் தொழிலைப் புரட்டிப்போட்ட தீர்க்கமான இயந்திரமாகத் தையல் இயந்திரத்தையே குறிப்பிடுகிறார். அதன் விளைவுகளை அவர் வரிசைப்படுத்தும் விதம் இன்றைய வாசகரை நிமிர்ந்து உட்கார வைக்கும். இயந்திரத்தில் அமர்ந்தவர்கள் இளம்பெண்கள். கையால் தைத்துப் பிழைத்த ஏழைப் பெண்கள் வேலையிழந்தனர். இங்கிலாந்தில் இயந்திரங்கள் விற்காமல் தேங்கியபோது உற்பத்தியாளர்கள் அவற்றை வார வாடகைக்கு விட்டனர். அதனால் எழுந்த போட்டியில், ஒன்றிரண்டு இயந்திரங்களைச் சொந்தமாக வைத்திருந்த சிறு உற்பத்தியாளர்கள் நசுங்கினர். இந்தக் கடைசிக் கருத்துக்கே இங்கு அழுத்தம் வேண்டும். இருவருக்குப் போதுமான ரவிக்கை வேலை இருக்கும் தெருவில் பத்து இயந்திரங்கள் வந்து இறங்கினால், பத்துப் பேரும் பிழைக்கமாட்டார்கள். தைக்கும் கூலிதான் வீழும்.

காந்தி இயந்திரங்களின் மீது ஐயம் கொண்டவர் என்பது தெரிந்ததே. அவரும் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவர் இராமச்சந்திரனோடு நடந்த உரையாடலில் சிங்கர் இயந்திரத்தை அவர் பாராட்டியதைப் பலர் எடுத்துக்காட்டுவர். அடுத்துச் சொன்னதை அவ்வளவாக எடுத்துக்காட்டமாட்டார்கள். அந்த இயந்திரத்தைச் செய்வதற்கு மின்விசையால் ஓடும் ஆலை வேண்டுமே என்று இராமச்சந்திரன் மடக்கியபோது, அத்தகைய ஆலைகள் நாட்டுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று சொல்லுமளவுக்குத் தாம் சோசலிஸ்ட் என்றார் அவர். தையல் இயந்திரப் படத்தோடு காந்தியின் முகத்தை அச்சிடும் அரசு விளம்பரங்களில் இப்பகுதி இடம்பெறுவதில்லை.

இந்தியாவில் தயாரான இயந்திரத்தின் கதையிலும் உழைப்பாளிகள் இருக்கிறார்கள். 1930களில் கல்கத்தாவில் உருவான உஷா இயந்திரத்தைத் தயாரித்தது ஜே எஞ்சினியரிங் வொர்க்ஸ். அப்பெயர் தொழிற்சங்கத் தோழர்களுக்கு வேறொரு காரணத்தால் நினைவிருக்கலாம். 1967இல் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசு, தொழில் தகராறுகளில் நடக்கும் ‘கெராவோ’ போராட்டங்களில் தொழிலாளர் துறை அமைச்சரைக் கேளாமல் காவல்துறை தலையிடக் கூடாது என்ற பொருளில் சுற்றறிக்கைகள் விடுத்தது. அவற்றை எதிர்த்துக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டு, அவை செல்லாதவை என்று தீர்ப்பாகிய வழக்கு இந்நிறுவனத்தின் பெயரிலேயே சட்ட நூல்களில் வழங்குகிறது. பெண்களின் விடுதலைச் சின்னமாக விளம்பரங்களில் மின்னிய இயந்திரத்தின் பின்னால், அதை வார்த்தவர்களின் ஊதியப் போராட்டம் இருந்தது.

ரூ.15,000 எதற்குப் போதும்?

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது, தையல் அவற்றுள் ஒன்று. ஐந்தாண்டுகளுக்கு ரூ.13,000 கோடி ஒதுக்கீடு. ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளொன்றுக்கு ரூ.500 உதவித்தொகை, கருவித் தொகுப்புக்கு ரூ.15,000 மின்னணுச் சீட்டு, 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் ரூபாய் வரை கடன். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பலன். கணவனும் மனைவியும் தைப்பவர்களாயின் யார் தொழிலாளி என்பதை வீட்டுக்குள் முடிவுசெய்துகொள்ள வேண்டும். அந்த முடிவு பெரும்பாலும் எப்படி அமையும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

குடும்பவழிப் பாரம்பரியத் தொழில் என்னும் கருத்தைச் சுற்றி இத்திட்டம் அமைந்திருப்பதால் குலத்தொிலுக்குக் காப்புக்கட்டுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. தமிழ்நாடு அரசு அதை அவ்வடிவில் ஏற்க மறுத்து வேறு திட்டம் வகுத்தது. அந்த விமர்சனம் சரியானதே. ஆனால் தையலைப் பொறுத்தவரை கூடுதலாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. விதிப்படி இத்திட்டம் ஏற்கெனவே அத்தொழிலில் சுயமாக ஈடுபட்டிருப்பவருக்கு உரியது. நடைமுறையில் விண்ணப்ப மையங்களின் வரிசையில் நிற்போரில் இனிமேல் பழக விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். ஏழு நாளில் எவரும் தையல் கற்க முடியாது. ஏழு நாளில் கால்மிதி பழகலாம், நேர்க்கோடு வரும். ரவிக்கைக்கு அளவெடுத்து, வெட்டி, கை பொருத்தி, வாடிக்கையாளர் முகஞ்சுளிக்காதபடி கொடுப்பதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் அவளுக்கு உதவித்தொகை இல்லை, வட்டி மட்டும் உண்டு.

ரூ.15,000க்குள் ஸ்டாண்டும் மோட்டாரும் உள்ள நல்ல கருப்பு மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி வாங்கிவிடலாம். ஆகவே தொகை குறைவு என்பது முதன்மையான குறை அன்று. கருவியைத் தந்துவிட்டு அதற்குரிய வேலையைத் தராததே குறை. வேலை இல்லாதபோது கடன் தேவைப்படுகிறது. 5 சதவீத வங்கிக் கடன் எல்லோருக்கும் எட்டுவதில்லை. எட்டாதவர் வாசலுக்கு நுண்கடன் முகவர் வருகிறார். நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நீக்கிவிட்டது. சிங்கரின் தவணைக்காரர் மாதம் ஒருமுறை வந்தார். இவர் வாரம் ஒருமுறை வருகிறார், குழுவிலுள்ள மற்ற பெண்களையும் அழைத்துக்கொண்டு வருகிறார்.

வீட்டுக்குள் வந்த ஆலை

இத்தனைக்குப் பிறகும் வீட்டிலுள்ள இயந்திரத்துக்கு வேலை வருகிறது. ஒப்பந்ததாரர் மூட்டையில் கொண்டுவந்து போடும் வெட்டிய துணி அது. தலையணை உறை, குழந்தை ஆடை, பை, ஏற்றுமதி ஆடையின் ஓரம். கூலி பீஸ் கணக்கில். நூலின் விலை, ஊசியின் விலை, மின்கட்டணம், இயந்திரத்தின் தேய்மானம், அது நிற்கும் ஆறடி இடத்தின் வாடகை, பிழையாகிப் போன துண்டுக்குக் கழிக்கும் தொகை அனைத்தும் தைப்பவளின் பொறுப்பு. ஆலையில் முதலாளியின் கணக்கில் நிலையான மூலதனம் என்று எழுதப்பட வேண்டிய ஒவ்வொன்றும் அவளது வீட்டுச் செலவுக்குள் கரைந்துவிடுகிறது. காகிதத்தில் அவள் ‘தொழில்முனைவோர்’. முதலாளியாக இருப்பதன் செலவுகள் மட்டும் அவளுக்கு உண்டு, இலாபம் இல்லை. தொழிலாளியாக இருப்பதன் கூலிக்குறைவு உண்டு, சங்கமும் வைப்புநிதியும் இல்லை.

அவளைத் தொழிலாளி என்று சட்டம் அறியாமலும் இல்லை. 2008ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமே வீடுசார்ந்த தொழிலாளியை வரையறுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழி வேலைக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. மற்ற கூலித் தொழிலாளர்களோடு சமமாக நடத்தப்படும் உரிமையை அது வலியுறுத்துகிறது. இந்தியா அதை இன்றுவரை ஏற்றுறுதி செய்யவில்லை. மத்தியில் ஆட்சி மாறியபோதும் இந்த மௌனம் மாறவில்லை.

ஒப்பந்ததாரருக்குத் தைப்பவர் தம் கணக்கை ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்கினாலே பேசுவதற்கு ஓர் அடிப்படை கிடைக்கும். இந்த வாரம் எத்தனை பீஸ், எவ்வளவு நூல், எத்தனை ஊசி, மின்கட்டணத்தில் எவ்வளவு கூடியது, எத்தனை மணிநேரம். நான்கு வாரக் கணக்கைப் பத்துப் பெண்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நூலும் ஊசியும் ஒப்பந்ததாரரே தர வேண்டும் என்ற முதல் கோரிக்கை அந்த நோட்டிலிருந்தே எழும். இயந்திரத் தேய்மானத்துக்குப் பீஸுக்கு இவ்வளவு என்பது இரண்டாவது. எவரும் தனியாகக் கேட்டால் அடுத்த வாரம் மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும். எனவே தெருவே சேர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று வழி கற்பனையில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களின் சீருடைகளைச் சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துவருகின்றன. கூலி உயர்வுக்கும் தாமதமில்லாத பட்டுவாடாவுக்கும் அங்கும் போராட வேண்டியிருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் வேலை உறுதி, கொடுப்பவர் யாரென்று தெரியும், கோரிக்கை வைக்க ஓர் அலுவலகம் உண்டு. கேரளத்தில் 2020இல் கொரோனா பரவியபோது குடும்பஸ்ரீ தையல் குழுக்களிடம் முகக்கவசத் தயாரிப்பு ஒப்படைக்கப்பட்டது. இயந்திரங்கள் அதற்கு முன்பும் அந்தப் பெண்களிடம் இருந்தன. அரசின் கொள்முதல் வந்தபோதுதான் அவை முழுநேரமும் ஓடின. சீருடை, மருத்துவமனை விரிப்பு, விடுதி உறை, தூய்மைப் பணியாளர் உடை என்று ஒவ்வொரு மாநில அரசும் ஆண்டுதோறும் வாங்கும் தைத்த துணி ஏராளம். அந்தக் கொள்முதலில் ஒரு பங்கைப் பெண்கள் கூட்டுறவுகளுக்கு ஒதுக்கக் கோருவது, மேலும் பத்தாயிரம் இலவச இயந்திரங்கள் கோருவதைவிடப் பயனுள்ளது.

கூட்டுறவாக அமைந்தால் இயந்திரத் தேர்வும் மாறும். பத்துப் பேரும் பத்து ஓவர்லாக் வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு கருப்பு மெஷின், பத்துப் பேருக்கும் சேர்த்து ஓர் ஓவர்லாக், ஒரு காஜா இயந்திரம், ஒரு பிகோ இயந்திரம் போதும். பழுதுபார்க்க அவர்களுள் இருவருக்குப் பயிற்சி தரலாம். திருகாணி முடுக்கியை ஆண்களிடமே விட்டுவைக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

அதுவரை இலவச விநியோக விழாக்கள் நடந்துகொண்டேதான் இருக்கும், இயந்திரங்களும் வந்துகொண்டேதான் இருக்கும். மொத்தக் கொள்முதலில் தரம் குறைவதும் நாடறிந்த செய்தி. வார்ப்பில் வெடிப்பு, சுற்றாத சக்கரம், பொருந்தாத ஷட்டில். விழா நடக்கும் ஊரின் மாதர் கிளை முன்கூட்டியே பயனாளிகளைச் சந்தித்து, நான்காக மடித்த தடித்த துணியையும் ஒரு முழம் வாயிலையும் கையோடு கொண்டுவரச் சொல்லலாம். அதிகாரி நீட்டும் பதிவேட்டில் கையொப்பம் இடுவதற்கு முன், அதே மேடையில், தமக்கு வந்த இயந்திரத்தில் அவர்கள் அதைத் தைத்துப் பார்க்கட்டும்.